கடல் கடந்த பாட்டும் பகையும்

தமிழ் விழா மேடைகளிலே தாய்லாந்து என்ற பெயர் எழுந்தால் அதன் பின்னே திருவெம்பாவையும் எழுவது வழக்கமாகிவிட்டது. பாங்கொக் நகரிலே தேவஸ்தானம் என்றொரு கோயில் உண்டு. அங்கே அரண்மனைப் பிராமணர் மார்கழி, தை மாதங்களை ஒட்டி ஒரு விழா எடுக்கின்றனர். அதன் பெயர் 'திரியம்பவாய்'. அதனைத் தொடர்ந்து வருவது 'திரிபவாய்'. முன்னது திருவெம்பாவை, பின்னது திருப்பாவை. பொருள் அறியாதும், ஒலி திரிந்தும், அவர்கள் ஓதி வருவன தமிழ்ப் பாசுரங்களே என்பதை அறிஞர் கண்டு கூறினர். தனிநாயக அடிகள் இதனைத் தமிழுலகுக்கு விளங்க எடுத்துரைத்தவருள் ஒருவர். அன்று தொட்டு இச்செய்தி நம் பேச்சாளருக்கு ஒரு கைப்பொருள். அதனைச் சொன்னவுடன் அவையிலே கைதட்டு எழும். எழாத அவையை நான் கண்டதில்லை.

அந்தக் கைதட்டைப் பற்றியே எழுத எண்ணுகின்றேன். அது பொய்க்காக எழும் கைதட்டு அன்று. ஆனால் பாதி உண்மைக்காக எழுவது. பாதியைக் கொண்டு பெருமைப்படுவோர் மறுபாதிக்கும் விடை கூறும் கடப்பாடு உடையவர். அந்த மறுபாதியை அறிய விரும்புவோர் பாங்கொக்கிலே நின்றுவிடாது தெற்கே செல்லவேண்டும். அரண்மனைப் பிராமணரின் குடிவழி வந்த பழைய நிலையங்களுள் ஒன்று தென்தாய்லாந்தின் கீழ்க்கரையிலுள்ள நக்கோன் சி தம்மராட் என்னும் நகரம். 1767இலே அயுத்தியா வீழ்ந்து, பின்னர்ப் பாங்கொக் எழுந்தபோது, அரசவைச் சடங்குகளுக்கு வேண்டிய பிராமணர் இந்நகரிலிருந்தும் அயலிலுள்ள பத்தலுங்கிலிருந்தும் வரவழைக்கப்பட்டனர். தம் முன்னோர் இராமேசுவரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்களுடைய மரபுவழிக் கூற்று.

நகரின் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்தால் 'நகர ஸ்ரீ தர்மராஜ' என்பது வெளிப்படும். அதற்கு முன்னே இவ்விடத்துக்குத் தாம்பிரலிங்கம் என்று பெயர். 1025ஆம் ஆண்டையொட்டி இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற இடங்களுள் ஒன்றாக அவன் மெய்க்கீர்த்தி கூறும் மாதமாலிங்கம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. மலைத்தொடருக்கு அப்பால், மேற்குக் கரையிலே உள்ளது தக்குவாபா. அங்கே 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தையும், அதனைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தாரையும் சேனாமுகத்தாரையும் அது குறிக்கின்றது. வணிகரும் படையினரும் ஒரு கல்லிலே சேர்ந்து நிற்பதை இப்போதே மனங்கொள்ளுதல் நலம்.

2024ஆம் ஆண்டு புரட்டாசியிலே இந்நகரில் பத்து நாள் தங்கினேன். அங்கே ஆசிரியத் தொழில் புரியும் ஒருவர் எனக்கு வழித்துணையாகவும் மொழித்துணையாகவும் இருந்தார். நகரை அறிய விரும்புவோர் முதலில் கோயிலுக்குப் போவதா, நூதனசாலைக்குப் போவதா என்று அவரைக் கேட்டேன். இரண்டுமில்லை, விடியற்காலையிலே கோப்பிக்கடைக்குப் போகவேண்டும் என்றார். அவர் கூறியது சரியென்றே படுகின்றது.

தென்தாய்லாந்து மக்கள் கோப்பியைக் 'கோப்பி' என்றே சொல்கின்றனர். யாழ்ப்பாணத்தவன் காதுக்கு அது வீட்டுச் சொல். துணிப்பையிலே வடித்து, அடியிலே ரின்பால் ஊற்றிய சிறு கண்ணாடிக் குவளையிலே தருவார்கள். கூடவே, கேளாமலே, ஒரு சிறு கெண்டியிலே சீனத் தேநீரும் வரும், அதற்கு விலையில்லை. எண்ணெயிலே பொரித்த மாவுத்துண்டு ஒரு தட்டிலே இருக்கும். அடுத்த மேசையிலே இசுலாமியர் ஒருவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார். சீனர் கடை, மலாய்ச் சொல், தாய்ப் பேச்சு. இவற்றுள் எது எவருடையது என்று அங்கே எவரும் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை. நகரின் செய்திகள் எல்லாம் ஏழு மணிக்கு முன்னரே அந்த மேசைகளிலே ஆய்ந்து முடிக்கப்பட்டுவிடும்.

அங்கிருந்த முதியவர் ஒருவரிடம், "ஈசுவரன் என்பவர் யார்?" என்று கேட்கும்படி என் துணைவரை வேண்டினேன். அவர்கள் மொழியிலே ஈசுவரன் 'ஈசுவன்' ஆவார். முதியவர் சிறிதும் தயங்கவில்லை. "கூத்திலே திரையில் முதலில் வருபவர்" என்றார். நங் தாலுங் என்னும் தோற்பாவைக் கூத்தையே அவர் கருதினார். மாட்டுத்தோலிலே வெட்டிய பாவைகளை விளக்கொளியிலே ஆட்டும் கூத்து அது. தொடக்கத்திலே முனிவர் ஒருவர் தோன்றுவார். அவரை அடுத்து இடபத்தின்மேல் ஈசுவரன் வருவார். அதன் பின்னரே கதை. அதன் பின்னரே கோமாளிகளின் நையாண்டி. இக்கலைக்காகத் தேசியக் கலைஞர் என்ற சிறப்பைப் பெற்ற சுசாட் சப்சின் என்பாரின் இல்லம் இந்நகரிலே பாவைக் காட்சியகமாக விளங்குகின்றது. முதியவரின் விடையிலே சைவசித்தாந்தம் இல்லை. ஆனால் சிவபெருமான் அவருக்கு அயலாரும் அல்லர். சிறுவனாய்த் தாய் மடியிலிருந்து பார்த்த உருவம் அது.

நகரின் நடுவே செல்லும் இராசடம்நேன் வீதியிலே, ஒருபுறம் ஈசுவரன் மண்டபமும் எதிர்ப்புறம் நாராயணன் மண்டபமும் உள்ளன. நம் கோயில்களைப்போல் கோபுரமும் பிரகாரமும் இல்லை. ஓட்டுக்கூரையிட்ட சிறு மண்டபங்களே. ஈசுவரன் மண்டபத்துள்ளே சிவலிங்கம் இருக்கின்றது. பக்கத்திலே செந்நிறம் பூசிய பெரிய ஊசல் ஒன்று நிற்கின்றது. பாங்கொக்கிலே 1784இல் நாட்டப்பெற்ற பேரூசலுக்கு இது தம்பி போன்றது. ஈசுவரன் ஆண்டுக்கொரு முறை மண்ணுலகுக்கு இறங்கிப் பத்து நாள் தங்குகின்றார். அவர் மீண்டபின் நாராயணன் வந்து ஐந்து நாள் தங்குகின்றார் என்பது திரியம்பவாய், திரிபவாய் விழாக்களின் உட்பொருள். பத்து நாள் என்பதைக் கேட்டவுடன், விடியற்காலையிலே சங்கொலியும் சேமக்கலமும் கேட்டெழும் நம்மூர்ச் சிறுவரும் திருவெம்பாவைப் பூசையை நினைப்பர். ஊசலைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. திருவெம்பாவை அருளிய மணிவாசகரே திருப்பொன்னூசலும் அருளினார்.

பாங்கொக்கிலே ஊசலாடும் சடங்கு 1935இலே நின்றுவிட்டது. கோயிலினுள்ளே நிகழும் வழிபாடு தொடர்கின்றது. நக்கோனிலோ நின்றுபோன விழாவின் ஒரு பகுதியை மக்கள் மீட்டெடுத்துச் சித்திரைப் புத்தாண்டோடு சேர்த்துக்கொண்டனர். சங்கிராந்தி என்பதே அங்குச் 'சொங்கிரான்' ஆயிற்று. அப்புத்தாண்டு நாட்களிலே, ஏப்பிரல் 14ஆந் திகதி, மூன்று மரப்பலகைகளைப் பல்லக்கிலே ஏற்றி ஊர்வலமாகக் கொணர்வர். ஒரு பலகையிலே ஞாயிறும் திங்களும், ஒன்றிலே நிலமகள், ஒன்றிலே கங்கை. ஈசுவரனை எதிர்கொண்டு வரவேற்கும் தெய்வங்கள் இவை. மார்கழியை ஒட்டியிருக்கவேண்டிய வரவேற்புச் சித்திரைக்குச் சென்றுவிட்டது. காலவழு என்று நம் பண்டிதர் கூறக்கூடும்.

வழுவைப் பற்றி ஒரு சொல். "நல்ல ஓதுவார் இருவரை அனுப்பி, பாங்கொக் பிராமணருக்குத் திருவெம்பாவையைத் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன?" என்று நண்பர் ஒருவர் ஆர்வத்தோடு கேட்டார். பிழை திருத்தி உண்பவன் நான்; ஆயினும் இதற்கு உடன்படேன். வடசொல் தமிழுக்கு வரும்போது வடவெழுத்தைக் களைந்துவிட்டுத் தமிழெழுத்தை ஏற்று வருக என்று விதித்தவர் தொல்காப்பியர். அவ்விதியின் வழியே இலட்சுமணன் இலக்குவன் ஆனான். விபீடணன் வீடணன் ஆனான். அவற்றை நாம் பிழை என்பதில்லை. தற்பவம் என்று பெயரிட்டு மாணவருக்குப் பாடமும் சொல்கின்றோம். நமக்கு ஒரு நீதி, சீயத்தாருக்கு ஒரு நீதியா? திரியம்பவாய் என்பது திருவெம்பாவையின் சிதைவன்று. அவர்கள் நாவுக்கேற்ற தற்பவம். ஆயிரம் மைலுக்கும் அப்பால் அரசுகள் மாறியபோதும், தலைநகர் எரிந்தபோதும், பொருளும் தெரியாத பாட்டொன்றை விடாது ஓதியவர்களுக்கு நாம் கற்பிக்கவேண்டியது ஒன்றுமில்லை. பேணியவருக்கே உரிமை. நமக்குள்ளது உறவு, அதுவே போதிய பெருமை.

மண்டபங்களிலிருந்து தெற்கே சென்றால் மகாதாது விகாரை. அதனைக் கண்டவுடன் இலங்கையர் எவரும் ஒருகணம் நின்றுவிடுவர். கவிழ்த்து வைத்த மணிபோன்ற அந்தத் தாதுகோபம் நம் நாட்டுத் தாதுகோபங்களின் வடிவம்; முடியிலே பொற்றகடு வேய்ந்திருக்கின்றது. இலங்கையின் பௌத்த நெறி சீயத்துக்குச் சென்ற வாயில்களுள் இந்நகர் முதன்மையானது. இந்நன்றியைச் சீயம் பின்னர்த் திருப்பியும் அளித்தது. இலங்கையிலே உபசம்பதை அற்றுப்போனபோது, 1753இலே அயுத்தியாவிலிருந்து உபாலி தேரர் வந்து அதனை மீண்டும் நிலைநாட்டினார். அவரை வரவழைத்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் நாயக்கர் குலத்தவன் என்பதையும் மறத்தலாகாது.

இத்தாதுகோபத்தின் வரலாறு கூறும் கதையிலே உடன்பிறந்த ஓர் ஆணும் பெண்ணும் வருகின்றனர். தந்தபுரத்திலிருந்து புத்தரின் தந்ததாதுவை மறைத்தெடுத்து இலங்கைக்குக் கப்பலேறுகின்றனர். கப்பல் உடைந்து இக்கரையிலே ஒதுங்குகின்றனர். பெண்ணின் பெயர் ஹேமசாலா. கூந்தலிலே தாதுவை மறைத்து இலங்கைக்கு வந்த ஹேமமாலையின் கதையை அறிந்தவர்க்கு இவள் யாரென்று சொல்லவேண்டுமா? இன்னொரு கதையும் உண்டு. புத்தர் வரலாறு தீட்டிய நெடுந்துகிலொன்றை இலங்கைக்குக் கொண்டுசென்றோர் கடலிலே கப்பலை இழந்தனர். துகில் மட்டும் பாக்பனாங் கரையிலே ஒதுங்கிற்று. அதனை எடுத்து இத்தாதுகோபத்துக்குச் சாத்தினர். இன்றும் மாசிப் பௌர்ணமியை ஒட்டிய மாகபூசையிலும் வைகாசி விசாகத்திலும், நூற்றுக்கணக்கானோர் ஒரே நீண்ட துகிலைத் தலைமேல் தாங்கி வந்து தாதுகோபத்தைச் சுற்றிக் கட்டுகின்றனர். இரண்டு கதைகளும் இலங்கைக்கென்று புறப்பட்டு இடைவழியிலே தங்கிவிட்டவற்றைப் பற்றியன. அந்நகரத்தார் இலங்கையைத் தம் புனித எல்லையாகக் கொண்டிருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டா.

தாதுகோபத்துக்கு ஏறும் படிகளின் காவல் தெய்வங்களாக இருவர் உளர்: சதுகாம், இராமதேவர். சதுகாம் என்பது கதிர்காமம் என்ற பெயரின் திரிபு என அறிஞர் பலர் கருதுகின்றனர். அவர்கள் கருத்துச் சரியாயின், நம் கதிர்காமக் கந்தன் அங்கே புத்தர் தாதுவின் வாயிற்காவலன் ஆகின்றான். 2006, 2007ஆம் ஆண்டுகளிலே இத்தெய்வங்களின் உருப்பொறித்த வட்டத் தாயத்துக்களுக்குத் தாய்லாந்து முழுவதும் ஒரு பித்துப் பிடித்தது. பெருந்தொகைப் பணம் புரண்டது. நெரிசலிலே உயிரும் போயிற்று. பின்னர் அப்பித்துத் தணிந்தது. பேணப்படும் மரபு எல்லாம் தூயதாகவே பேணப்படும் என்று நான் சொல்லவரவில்லை.

இனி உணவு. நக்கோன் மக்களின் காலையுணவிலே தலைமையானது கனோம் சீன். புளித்த அரிசிமாவைத் துளையிட்ட அச்சிலே பிழிந்து, கொதிநீரிலே விழச்செய்து, எடுத்துச் சுருளாக அடுக்குவர். நம் இடியப்பம் ஆவியிலே வேகும். இது நீரிலே வேகும். அவ்வளவே வேற்றுமை. மேலே மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த குழம்பை ஊற்றுவர். பக்கத்திலே ஒரு தட்டு நிறையப் பச்சையிலைகளும் பிஞ்சுக்காய்களும் இருக்கும். குழம்பிலே மீன் இருப்பதால் நான் முதல் நாட்களிலே பார்த்துப் பசியாறினேன். ஒக்டோபர் 3ஆந் திகதி சீனரின் மரக்கறி நோன்பு தொடங்கிற்று. கடைகள்தோறும் மஞ்சட்கொடி எழுந்தது. நமக்கு நவராத்திரி தொடங்கிய நாளும் அதுவே. அந்நோன்பின் புண்ணியத்தால் மீனில்லாக் குழம்போடு கனோம் சீன் உண்டேன். சொதியை நினையாமல் உண்ணமுடியவில்லை.

அதற்கு முதல்நாள், ஒக்டோபர் 2, நமக்கு மாளய அமாவாசை. அன்றே அந்நகரின் தலையாய விழாவான பத்தாம் மாதத் திருநாளின் நிறைவு. தேய்பிறைத் தொடக்கத்திலே இறந்த முன்னோர் 'பிரேட்' வடிவிலே தம் வீடு தேடி வருவர். அமாவாசையன்று விடைபெற்று மீள்வர் என்பது நம்பிக்கை. பிரேட் என்பது பிரேதமே. விழாவின் பெயர் 'சாட்'. சாரதம் என்ற வடசொல்லின் வடிவம். 1923 முதல் இதனையொட்டிப் பெருஞ்சந்தையும் கூடுகின்றது. ஒவ்வொரு குடும்பமும் அரிசி, உப்பு, மிளகாய், வெங்காயம், வெற்றிலை, ஊசி, நூல் என்று இல்லறத்துக்கு வேண்டியவற்றை ஒரு கூடையிலே அடுக்கி விகாரைக்குக் கொண்டுசெல்லும். கூடையின் உயிர் ஐந்து பலகாரங்கள். ஒன்று முன்னோருக்கு உடை, ஒன்று கடல் கடக்கத் தெப்பம், ஒன்று அணிகலன், ஒன்று செலவுக்குக் காசு, ஒன்று புத்தாண்டிலே விளையாடுவதற்கு வட்டு. இறந்தவர்க்கு விளையாட்டையும் நினைந்து கொடுக்கும் அன்பை வேறெங்கும் நான் கண்டதில்லை.

உடையாகக் கொடுப்பது கனோம் லா. சிறுதுளைகள் இட்ட சிரட்டையிலே அரிசிமாவுக் கரைசலை ஊற்றி, சூடான இருப்புச்சட்டியின்மேல் சுழற்றுவர். நூலினும் மெல்லிய இழைகள் பின்னிப் படிந்து வலைத்துணிபோல் எழும். சிங்கள மக்கள் புத்தாண்டுக்குச் செய்யும் ஆஸ்மியை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். பிரேதங்களின் வாய் ஊசித்துளை அளவே. ஆதலால் இழை அவ்வளவு மெல்லிதாக இருக்கவேண்டும் என்று அச்சிரட்டையைச் சுழற்றிய மூதாட்டி விளக்கினார். படைத்தபின் அப்பலகாரங்களைச் சிறுவரும் பெரியவரும் முந்தியடித்து அள்ளுகின்றனர். முன்னோர் மிச்சில் உண்பது நற்பேறு.

மாளயத்தை நாமும் செய்கின்றோம், குறையில்லை. ஆனால் நம் பிள்ளைகள் அதனைக் கையால் செய்கின்றனரா? அங்கே பள்ளிப்பிள்ளைகள் கூடை அடுக்குகின்றனர். மாவிழை சுற்றப் பழகுகின்றனர். துகிலின் ஒரு முனையைத் தூக்குகின்றனர். மரபு அங்கே நாவிலும் கையிலும் தோளிலும் இருக்கின்றது. நம்மிடத்தே அது வினாத்தாளிலே இருக்கின்றது.

இவ்வளவும் இனிய பகுதி. இனி மறுபாதிக்கு வருகின்றேன்.

"இவர்கள் ஓதும் பாட்டு எம்மொழி என்பதை அறிவார்களா?" என்று என் துணைவரைக் கேட்டேன். தமிழ் என்று சொல்வதற்கு அவர்கள் மொழியிலே என்ன சொல் என்றும் கேட்டேன். அவர் சற்றே தயங்கினார். பின்பு, "தமின்" என்றார். தயங்கியதற்குக் காரணம் உண்டு. அச்சொல்லுக்குத் தமிழர், தமிழ்மொழி என்பதோடு வேறொரு பொருளும் தாய் அகராதியிலே உளது: கொடிய, இரக்கமற்ற. பேச்சு வழக்கிலே அப்பொருளும் நன்கு ஊன்றியது. 1992ஆம் ஆண்டு மே மாதத்திலே பாங்கொக் வீதிகளில் மக்கள்மீது படையினர் சுட்டனர். தாய் மக்கள் அம்மாதத்துக்கு இட்ட பெயர் 'தமின் மே'. தமிழர் அங்கே எவரையும் சுடவில்லை. கொடுமைக்கு அவர்களிடம் இருந்த சொல் அது.

அச்சொல் சென்ற வழியை ஊகித்தல் அரிதன்று. பாளி மொழியிலே தமிழர் 'தமிள' எனப்படுவர். இலங்கையின் பாளி வரலாற்று நூல்களிலே அவர்கள் பெரும்பாலும் போர்க்களத்திலே, பகைவராகவே தோன்றுவர். அந்நூல்களை ஓதிய தேரர் வழியே தாதுகோபத்தின் வடிவமும் சென்றது; துறவு நெறியும் சென்றது; இச்சொல்லும் சென்றது. ஆக, நம் பாட்டு அங்கே நம் பெயரின்றி வாழ்கின்றது. நம் பெயர் அங்கே நம் பாட்டின்றி வாழ்கின்றது. மேடையிலே முன்னதைச் சொல்லிக் கைதட்டுப் பெறுவோர் பின்னதைச் சொல்வதில்லை.

"இது பிறர் செய்த பழி, நாம் என் செய்வோம்?" என்று கேட்கலாம். முற்றிலும் அப்படியன்று. மெய்க்கீர்த்தியை நினைவுகூர்க. மாதமாலிங்கத்தை வென்றதை நாமே கல்லில் வெட்டினோம். அவ்வெற்றியை இன்றும் மேடையிலே முழங்குகின்றோம். திருவெம்பாவை சென்ற கடலிலேதான் அப்படைக்கலமும் சென்றது. தக்குவாபாக் கல்லிலே வணிகரோடு படையினரும் நின்றனர் அன்றோ? ஒன்றை உரிமை கொண்டாடி மற்றதை ஒளித்தல் நடுவுநிலைமை ஆகாது. பழிச்சொல் ஆக்கும் தொழிலும் பிறர்க்கே உரியதன்று. அயல்நாட்டாரை மிலேச்சர் என்று கூறும் சொல் நம் நிகண்டுகளிலே இருக்கின்றது. யவனரை வன்சொல்லர் என்று பாடியோர் நம் புலவர்.

அன்றியும், அப்பழங்காலப் பகைகள் நாம் இன்று வகுத்துக்கொள்ளும் வகுப்புகளுக்குள் அடங்குவனவும் அல்ல. அந்நகரின் அரசன் சந்திரபானுவைக் கருதுக. சையாவிலே கிடைத்த 1230ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவன் புகழைக் கூறுகின்றது. 1247இலே அவன் இலங்கைமீது படையெடுத்தான். அக்காலம் தம்பதெனியாவிலே இரண்டாம் பராக்கிரமபாகு ஆண்டுகொண்டிருந்தான். சந்திரபானு பின்னொருமுறை பாண்டிய, சோழ நாட்டு வீரரையும் கூட்டிவந்து தந்ததாதுவைத் தருக என்று கேட்டான் எனச் சூளவமிசம் கூறுகின்றது. பௌத்த அரசன் ஒருவன், தமிழ் வீரரைக்கொண்டு, மற்றொரு பௌத்த அரசனிடம், புத்தரின் பல்லைக் கேட்டுப் போர் செய்தான்! இலங்கையின் வடபகுதியிலே சாவகர் சிலகாலம் ஆண்டனர். பாண்டியர் கல்வெட்டுச் சாவகன் மைந்தனைக் குறிக்கின்றது. சாவகச்சேரி என்ற பெயர் அவர்கள் இட்டுச்சென்ற சுவடு என்பர் பலர். சாவகச்சேரிச் சந்தைக்குப் போகும் நம் மாணவருள் எத்தனைபேர் அப்பெயரின் பின்னே இத்தனை கடல் கிடப்பதை அறிவர்? இது தமிழர் வரலாறா, சிங்களவர் வரலாறா, சீயத்தார் வரலாறா? கூறுபோட்டால் ஒருவர்க்கும் விளங்காது. கூட்டிப் பார்த்தால் மூவர்க்கும் விளங்கும்.

அகராதியிலுள்ள பழிப்பொருளை நீக்குமாறு தாய்லாந்து அரசுக்கு விண்ணப்பம் எழுதலாம் என்பாருமுளர். எழுதுவோர் எழுதுக. சொல்லின் பொருள் விண்ணப்பத்தால் மாறுவது அரிது. சொல்லுக்குரியவரை அறிவதால் மாறும். கோப்பிக்கடை முதியவருக்கு ஈசுவரன் யாரென்று தெரியும். அவ்வீசுவரனைப் பாடிய மொழி 'தமின்' மொழி என்று என் துணைவர் அவருக்குச் சொன்னபோது அவர் நம்பவில்லை, சிரித்தார். பின் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, தம் கெண்டியிலிருந்த தேநீரை என் குவளையிலே ஊற்றினார். அகராதி செய்யாததைப் பழக்கம் செய்யும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. திருவெம்பாவையைக் கற்பிக்கும்போது அது சீயத்திலே ஓதப்படுவதை மறவாது கூறுங்கள். கூறும்போது, அதனைக் காத்தவர் அவர்களே என்பதையும் கூறுங்கள். அதே மூச்சிலே 'தமின்' என்ற சொல்லையும் கூறுங்கள். மாணவர் முகம் வாடும், வாடட்டும். தம் மொழியின் பெயர் பிறர் நாவிலே கொடுமைக்குப் பெயரானதை அறிந்த மாணவன், தன் நாவிலே அயலான் ஒருவனின் பெயரை இழிசொல்லாக வழங்குமுன் ஒருகணம் நிற்பான். நம் நாட்டிலே, நம் தலைமுறையிலே, அந்த ஒருகணம் எவ்வளவு விலையுடையது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் எங்கோ ஒரு கரையிலே ஒதுங்கும். அங்கே அது துகிலாகுமா, வசையாகுமா என்பதை இங்கே வகுப்பறையிலிருந்தே நாம் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றோம்.